விண்டோஸ் பொறியாளர்களுக்கு: மூடிய கதவுகளின் சாவியைக் கொடுங்கள்

விண்டோஸ் இயங்குதளத்தை உருவாக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

1998-இல் என் அப்பா ஒரு சிடி வாங்கினார். வீட்டில் இருக்கும் புத்தகங்களைப் பட்டியல் போட்டு வைக்கும் சின்ன புரோகிராம் அது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை. தலைப்பு, ஆசிரியர், எந்த அலமாரி, யாருக்கு இரவல் கொடுத்தது, கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம். ஏழெட்டு வருடம் விடாமல் பதிந்து வந்தார். அந்த அட்டைகளை வேறு எந்தப் புரோகிராமாலும் படிக்க முடியாது. அதை எழுதிய நிறுவனம் எப்போதோ கடையை மூடிவிட்டது.

போன வருடம் அந்தச் சிடியை விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் போட்டேன். செட்டப் ஓடவில்லை. புரோகிராம் 32 பிட்தான், ஆனால் அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட், அதாவது விண்டோஸ் 3.1 காலத்து இன்னும் பழைய வகை. 1998-இலும் பழைய கருவியை வைத்தே அதைக் கட்டியிருக்கிறார்கள். அது அந்த நிறுவனத்தின் சோம்பல், உங்கள் தவறு அல்ல. பரணில் கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டி, அதில் நிறுவி, அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்து புதியதில் போட்டேன். இரண்டு கிளிக். திறந்துவிட்டது. சாம்பல் நிறப் பொத்தான்கள், மேலே சின்னதாக ஒரு புத்தகப் படம், முதல் அட்டையில் அப்பா பதிந்த முதல் புத்தகம். எழுதியவர்கள் கனவிலும் நினைத்திராத ஒரு கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் ஓர் எழுத்துகூட மாறாமல் ஓடுகிறது.

இதற்கு முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும்.

நன்றியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் செய்யும் இந்த வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. புதிய ஸ்டார்ட் மெனு வந்தால் உலகமே பேசுகிறது. பழைய புரோகிராம் பழையபடி ஓடினால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இருப்பதில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் உழைப்பு சாதாரணமானது அல்ல. சிம்சிட்டி விளையாட்டின் கதை பல வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்த விளையாட்டு, விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடியும் தொட்டுப் படித்தது. விண்டோஸ் 3.1-இல் அது எப்படியோ பிழைத்துக்கொண்டது. விண்டோஸ் 95-இல் அதுவே அதைக் கவிழ்த்திருக்கும். உங்கள் முன்னோடிகள் அதைப் பிரித்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் கொஞ்சம் தாமதிக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். பிழை விளையாட்டில், வைத்தியம் இயங்குதளத்தில். கடைக்குப் போய் விண்டோஸ் 95 வாங்கியவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புது விண்டோஸ் போட்டதும் விளையாட்டு நின்றுபோனால் அவர் விண்டோஸைத்தான் குறை சொல்வார்.

பதிப்பு எண் கதையும் அப்படித்தான். பழைய 16 பிட் புரோகிராம்கள் கேட்டால் விண்டோஸ் 95 தன்னை 4.0 என்று சொல்லாமல் 3.95 என்று சொன்னது. 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சோதிக்க நினைத்த பலர், புள்ளிக்கு முன்னால் இருப்பது 3-ஐ விடக் குறையக் கூடாது, பின்னால் இருப்பது 10-ஐ விடக் குறையக் கூடாது என்று தனித்தனியாகச் சோதித்துவிட்டார்கள். 4.0-இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பது 0. உடனே, "உங்கள் விண்டோஸ் மிகப் பழையது" என்று அந்தப் புரோகிராம்கள் மறுத்துவிடும். 3.95 என்றால் இரண்டு சோதனையிலும் தேறிவிடும். விண்டோஸ் 7 உள்ளுக்குள் 6.1 ஆக இருந்ததற்கும் இதே கவலைதான் காரணம். இன்றைக்கும் விண்டோஸ் 11-இல் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து வெர் என்று தட்டினால் பதிப்பு எண் 10.0 என்றுதான் தொடங்குகிறது. பெட்டியில் ஓர் எண், உள்ளே ஓர் எண். பார்ப்பவருக்குக் குழப்பமாகத் தெரியலாம். யாருடைய புரோகிராமும் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

இந்த அக்கறை விண்டோஸின் மேல் விட்டுச்சென்ற தழும்புகளை நான் நேசிக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்று மூன்று எழுத்தில் பெயர் வைத்துப் பாருங்கள். என்டர் தட்டியதும், அந்த டிவைஸ் பெயர் செல்லாது என்று ஒரு பெட்டி வரும். ஃபோல்டருக்குப் பெயர் வைக்கப் போனவரிடம் டிவைஸ் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்பதே கிடையாது. அதில் அந்த மூன்று எழுத்து கீபோர்டையும் திரையையும் குறித்தது, பிஆர்என் பிரிண்டரைக் குறித்தது, என்யூஎல் போட்டதை எல்லாம் விழுங்கும் வெற்றிடம். 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருந்த புரோகிராம்களுக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அவை எங்கே நின்று கூப்பிட்டாலும் பிரிண்டர் கிடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டரிலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். 40 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெயர் இன்னும் ஒதுக்கப்பட்டே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்குவதும் இப்படி வந்ததுதான். ஏ-யும் பி-யும் ஃப்ளாப்பிக்கு எழுதி வைத்த இடம், அந்த இடம் இன்றும் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

சிஸ்டம்32 பற்றியும் ஒரு வார்த்தை. 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு சிஸ்டம்32 என்று பெயர். 32 பிட் ஃபைல்கள் இருப்பதோ சிஸ்வாவ்64-இல். தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் பார்த்த அன்று நானும் குழம்பினேன். காரணம் தெரிந்ததும் குழப்பம் மரியாதையாக மாறியது. சிஸ்டம்32 என்ற பெயரை நேரடியாக எழுதி வைத்த புரோகிராம்கள் எண்ணிலடங்காதவை. அவற்றை 64 பிட்டுக்கு மாற்றுபவர்கள் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கக் கூடாது என்று அந்தப் பெயரை அப்படியே விட்டீர்கள். 32 பிட் புரோகிராம் வந்து சிஸ்டம்32 எங்கே என்று கேட்டால் அதைச் சத்தமில்லாமல் மற்ற ஃபோல்டருக்குக் கூட்டிப்போகிறீர்கள். அப்பாவின் புரோகிராமும் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறது. தான் திசை திருப்பப்படுவது அதற்குத் தெரியவே தெரியாது.

பழையதைக் காப்பாற்றுவதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அப்பாவின் புரோகிராமில் புதிதாக ஓர் அட்டை திறந்து தமிழில் ஒரு தலைப்பை ஒட்டினேன். வரிசையாகக் கேள்விக்குறிகள் விழுந்தன. பழைய புரோகிராம்கள் எழுத்துகளை ஒரு கோட்பேஜ் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) வழியாகத்தான் பார்க்கும். சில மொழிகளுக்கு அப்படி ஒரு கோட்பேஜ் விண்டோஸில் இருந்தது. தமிழுக்கும் இந்திக்கும் இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே, உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு வழியாக மட்டும்தான் வந்தது. அதனால் யூனிகோடு தெரியாத புரோகிராமுக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அப்பா தமிழ்த் தலைப்புகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஒரு புரோகிராம் தன் கோட்பேஜாக யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8-ஐயே அறிவித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி திறந்தீர்கள். நல்ல காரியம். தாமதமாக வந்தாலும், இருந்ததை உடைக்காமல் வந்தது.

சரி, கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாக் கதவையும் என்றைக்கும் திறந்தே வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஏன் ஓடுவதில்லை என்று நீங்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறீர்கள். 64 பிட் விண்டோஸில் ஒரு ஹேண்டிலுக்கு (ஜன்னல், ஃபைல் போன்றவற்றுக்கு விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண்) 32 பிட் வேண்டும், அதை வெட்டி 16 பிட்டுக்குள் அடைத்தால் தகவல் போய்விடும். டாஸ் புரோகிராம்களை ஓட்ட உதவிய பிராசசர் வசதியும் 64 பிட் நிலையில் கிடையாது. நியாயமான காரணங்கள். அப்படியும் நீங்கள் முழுதாகக் கைவிடவில்லை. இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற கருவிகளால் கட்டிய சில 16 பிட் செட்டப்களை அடையாளம் கண்டு, அவற்றின் இடத்தில் 32 பிட் செட்டப்பைப் பொருத்தி ஓட்டும் ஏற்பாட்டை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அப்பாவின் சிடி அந்தப் பட்டியலில் இல்லாத வேறொரு கருவியால் கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

16 பிட் புரோகிராம்களை ஓட்டிய என்டிவிடிஎம் என்ற பகுதி விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பு வரை இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. அதோடு, 1993-இல் முதல் விண்டோஸ் என்டி வந்த நாளிலிருந்து கூடவே வந்த ஒரு பகுதியின் காலம் முடிந்தது. அதற்கென்று ஒரு விடைகொடுத்தலைக்கூட நான் பார்க்கவில்லை.

உதவி ஃபைல்களுக்கும் இதேதான் நடந்தது. எச்எல்பி என்று முடியும் ஃபைல்கள் நினைவிருக்கும். 90-களில் வந்த ஏறக்குறைய எல்லா விண்டோஸ் புரோகிராமும் தன் கையேட்டை அந்த வடிவத்தில்தான் கொடுத்தது. பச்சை நிறத்தில் கோடிட்ட சொல், அதைத் தொட்டால் சின்னதாக மேலே எழும்பும் விளக்கப் பெட்டி. விஸ்டாவிலிருந்து அதைத் திறக்கும் புரோகிராமை விண்டோஸோடு கொடுப்பதை நிறுத்தினீர்கள். விண்டோஸ் 8.1 வரை தனியாக இறக்கிக்கொள்ள விட்டீர்கள். விண்டோஸ் 10-க்கு அதுவும் இல்லை. அப்பாவின் புரோகிராமில் எஃப்1 அழுத்தினால் கையேடு வராது. இந்த உதவி வடிவத்துக்கு இப்போது ஆதரவில்லை என்ற தகவல்தான் வரும். கையேடு ஃபைல் என் டிஸ்க்கிலேயே, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் விண்டோஸ் 11 வழி தரவில்லை. அட்டைகளை வேறு வடிவத்துக்கு ஏற்றுமதி செய்வது எப்படி என்ற பக்கம் அதில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். ஒரு கதவை மூட முடிவு செய்தால் மூடுங்கள். ஆனால் அதன் சாவியை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். விண்டோஸிலிருந்து எடுத்துவிட்ட என்டிவிடிஎம்மின் மூல நிரலையும் (புரோகிராமர்கள் எழுதிய அசல் வரிகள்), எச்எல்பி ஃபைல்களைத் திறந்த புரோகிராமின் மூல நிரலையும், அந்த ஃபைல் வடிவத்தின் முழு விவரத்தையும் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள்.

இது நடக்காத காரியம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். விண்டோஸ் 3.0 காலத்து ஃபைல் மேனேஜரை 2018-இல் வெளியிட்டீர்கள். கால்குலேட்டரை 2019-இல் வெளியிட்டீர்கள். 2024 ஏப்ரலில் ஐபிஎம்மோடு சேர்ந்து எம்எஸ்-டாஸ் 4.00-இன் மூல நிரலை வெளியிட்டீர்கள். 2025 மே மாதத்தில், லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை விண்டோஸுக்குள் ஓட்டும் துணை அமைப்பையும் திறந்துவிட்டீர்கள். ஃபைல் மேனேஜர் வெளிவந்ததும் என்ன நடந்தது? அது இன்றைய விண்டோஸில் ஓடும்படி ஆனது. பழைய இரட்டைப் பலக ஜன்னலைத் தேடியவர்கள் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உங்கள் தயாரிப்புக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

பாதுகாப்புதான் தடை என்று சொல்வீர்கள். உதவி ஃபைல்களைத் திறக்கும் புரோகிராமை எடுத்ததற்கு, அது இன்றைய தரத்துக்கு எழுதப்படவில்லை என்பதைத்தான் அன்றைக்குக் காரணமாகச் சொன்னீர்கள். உண்மைதான், அதை அப்படியே விண்டோஸோடு மறுபடியும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிரல் வெளியே வந்தால் ஓட்டைகளை அடைக்க ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டாலும், எச்எல்பி ஃபைலைப் படித்து வேறு வடிவத்துக்கு மாற்றும் கருவியைச் சரியாக எழுதிக்கொள்ளலாம். வேறு நிறுவனங்களின் நிரல் அதில் கலந்திருப்பதால் உரிமைச் சிக்கல் வரும் என்பீர்கள். டாஸ் 4.00-இலும் ஐபிஎம் பங்கு இருந்தது. பேசித் தீர்த்தீர்கள் இல்லையா?

ஒரு விஷயத்தை நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இன்றைக்கு 16 பிட் விண்டோஸ் புரோகிராம் ஒன்றை 64 பிட் கம்ப்யூட்டரில் நேரடியாக ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸில் வைன் என்ற மென்பொருளை நிறுவி ஓட்டலாம். வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து கவனித்துக் கவனித்து, ஒவ்வொரு வினோதத்தையும் தனியாகக் கண்டுபிடித்து எழுதியவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுப் பழைய பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிறார். அவர்கள் முப்பது வருடமாக இருட்டில் தடவிக் கண்டுபிடித்தது எல்லாம் உங்கள் கோப்புகளில் காரணத்தோடு எழுதி வைக்கப்பட்டிருக்கும். எந்தப் புரோகிராமுக்காக எந்த விதிவிலக்கு, எந்த வருடம், ஏன் என்ற அந்தக் குறிப்புகளும் வெளியே வர வேண்டும். உங்களில் ஒருவரான ரேமண்ட் சென் இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதைகளை எழுதி வருவதால்தான் எங்களுக்கு இவ்வளவாவது தெரிகிறது. ஒரு மனிதரின் பொறுமையை நம்பி இவ்வளவு பெரிய வரலாற்றை விட்டுவைக்கலாமா?

கதவு மூடியிருந்தால் ஏன் என்று அங்கேயே சொல்வதும் முக்கியம். 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது, ஒரு கம்ப்யூட்டருக்கு அது ஒத்துவருமா என்று சோதிக்கும் சின்ன செயலியையும் கொடுத்தீர்கள். முடியாது என்று மட்டும் சொன்னது, காரணம் சொல்லவில்லை. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லையா, பிராசசர் பழையதா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்று, பிறகு காரணத்தையும் சொல்லும்படி திருத்தி மறுபடியும் கொடுத்தீர்கள். அந்தத் திருத்தத்தை 16 பிட் ஃபைலைத் திறக்கும்போது வரும் பெட்டியிலும் செய்யலாமே. இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது, வெளியிட்டவரைக் கேளுங்கள் என்று அது சொல்கிறது. வெளியிட்டவர்கள் இப்போது இல்லை. "இது 16 பிட் புரோகிராம், இந்த விண்டோஸில் நேரடியாக ஓடாது, ஓட்டும் வழிகள் இவை" என்று ஒரு வரி எழுதினால் போதும். என்னைப் போல வீட்டில் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வைத்திருக்காத ஒருவர், சிடி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

பழையதைத் தொடாமலே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. நோட்பேடை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிக்ஸ் முறையில் வரி முடியும் ஃபைல்களைத் திறந்தால் எல்லா வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீள வரியாகத் தெரிந்தது பல வருடம். 2018-இல் அதைச் சரி செய்தீர்கள். பழைய நடத்தையே வேண்டும் என்பவர்களுக்காக விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பையும் விட்டீர்கள். ஒரு ஃபைலின் முழுப் பாதை 260 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது என்ற பழைய வரம்பை 2016-இல் தளர்த்தியபோதும் அப்படித்தான். தனக்கு நீளமான பாதை தெரியும் என்று புரோகிராமே சொன்னால் மட்டும் திறக்கும்படி செய்தீர்கள், தெரியாதவற்றைத் தொந்தரவு செய்யவில்லை. கதவை மாற்றும்போதும் பழைய சாவி எங்கே என்று சொன்னீர்கள். 16 பிட்டுக்கும் எச்எல்பிக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன்.

நீங்கள் அந்த மூல நிரலை வெளியிடும் நாளில், எழுதத் தெரிந்தவர்கள் அதை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அந்த அளவு எழுத வராது. ஆனால் சோதித்துப் பார்க்க வரும். அப்பாவின் சிடியைப் போட்டு, செட்டப்பை அதன் போக்கில் ஓட விட்டு, புரோகிராமைத் திறந்து, எஃப்1 அழுத்தி, ஏற்றுமதி என்ற பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு விண்டோஸ் பயனர்